லக்ஸ் டிஸ்க் திறக்கிறது, ஃபைல் மட்டும் எழுத முடியவில்லை: அனுமதியை எங்கே மாற்றுவது?

கேள்வி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் பிரிவிலிருந்து வந்தது. டெபியன் ஓடும் கம்ப்யூட்டர். அதில் இரண்டாவதாக ஒரு 1 டிபி டிஸ்க். பையர் அனுப்பும் டெக் பேக்கும் பிரிண்ட் ஃபைல்களும் வெளியே போய்விடக் கூடாது என்று லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் குறியாக்கம் செய்து, உள்ளே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டு, /எஸ்ஆர்வி/டிசைன் என்ற ஃபோல்டரில் மவுண்ட் செய்திருக்கிறார்கள், அதாவது அந்த ஃபோல்டர் வழியே டிஸ்க் தெரியும்படி இணைத்திருக்கிறார்கள். டிஸ்க் திறக்கிறது, ஃபைல்கள் தெரிகின்றன, ஆனால் ரூட் (சிஸ்டத்தின் நிர்வாகி யூசர்) தவிர யாராலும் எழுத முடியவில்லை. மவுண்ட் செய்வதற்கு முன் அந்த ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் யுஐடி=1000 (உரிமையாளராக வேண்டிய யூசரின் எண்) சேர்த்தார்கள், மவுண்டே ஆகவில்லை. /டெவ்/மேப்பர் கீழே இருக்கும் டிவைஸுக்கே சிஎச்மாட் 666 கொடுத்தார்கள், அப்போதும் எழுத முடியவில்லை, ரீபூட் செய்ததும் அதுவும் பழையபடி ஆகிவிட்டது. இதே போல ஒரு யுஎஸ்பி டிஸ்க்கும் பெருந்துறை யூனிட்டுக்கு அடிக்கடி போய் வருகிறது, அதற்கும் ஒரு வழி வேண்டுமாம்.

தம்பி, முதலில் ஒன்று. கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்க. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்க செய்த மூன்றும் வேலை செய்யாததற்குக் காரணம் ஒன்றுதான். குறியாக்கத்துக்கும் ஃபைல் அனுமதிக்கும் சம்பந்தமே கிடையாது. லக்ஸ் என்பது குடோனின் ஷட்டர். உள்ளே எந்த அலமாரியை யார் தொடலாம் என்பது ஷட்டருக்குத் தெரியாது. /டெவ்/எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனைக் கிரிப்ட்செட்டப் திறந்ததும், டிஎம்-கிரிப்ட் என்ற கெர்னல் பகுதி /டெவ்/மேப்பர்/டிசைன் என்று புதிதாக ஒரு டிவைஸைக் காட்டுகிறது. அது செக்டார் செக்டாராகக் குறியாக்கம் செய்யும், அவிழ்க்கும். ஃபைல் என்றால் என்ன, யூசர் என்றால் யார் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. உரிமையாளர், குழு, 755, 770 என்ற கணக்கெல்லாம் அந்த டிவைஸுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "உள்ளே என்ன ஃபைல் சிஸ்டம்?" என்பதுதான். பதில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்றால் வழி ஒன்று. ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்றால் வழி வேறு. இரண்டையும் கலந்து செய்வதால்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று அடித்தால் மரம் போலக் காட்டும். எஸ்டிபி1 எதிரில் கிரிப்டோ_லக்ஸ் என்றும், அதன் கீழே உள்தள்ளி டிசைன் என்ற பெயருக்கு எதிரில் இஎக்ஸ்டி4 என்றும் வர வேண்டும். இரண்டு வரியிலும் இரண்டு வேறு யுயுஐடி (அதை அடையாளம் காட்டும் தனி எண்) இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, கீழே தேவைப்படும்.

இனி நீங்க செய்த முதல் காரியம், அதாவது மவுண்ட் செய்வதற்கு முன் கொடுத்த 777. இது பலனில்லாத வேலை மட்டும் அல்ல, ஆபத்தும் கூட. ஒரு ஃபோல்டர் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் அந்த ஃபோல்டரின் சொந்த அனுமதி மறைந்துபோகும். அதன் இடத்தில் டிஸ்க்குக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் தலை ஃபோல்டருடைய அனுமதிதான் தெரியும். எம்கேஎஃப்எஸ் போட்ட புதிய இஎக்ஸ்டி4-இல் அது ரூட்டுக்குச் சொந்தமாக, 755 ஆக இருக்கும். ரூட் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆபத்து எங்கே என்றால், டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில். மின்தடைக்குப் பிறகு காலை ஷிஃப்ட்டில் யாரோ மெஷினை ஆன் செய்கிறார்கள், கடவுச்சொல் போடவில்லை, டிஸ்க் திறக்கவில்லை. ஆனால் /எஸ்ஆர்வி/டிசைன் என்ற வெற்று ஃபோல்டர் 777 உடன் அங்கேயே இருக்கிறது. டிசைனர் அதில் ஃபைலைச் சேமிக்கிறார், பிழை ஒன்றும் வருவதில்லை. அந்த ஃபைல் போய் உட்காருவது குறியாக்கம் இல்லாத சிஸ்டம் டிஸ்க்கில். பிறகு யாராவது டிஸ்க்கைத் திறந்து மவுண்ட் செய்ததும் அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போய்விடும். "நேத்து சேவ் பண்ணின ஃபைல் காணோமுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பார்ப்பதற்கு டிஸ்க்கை யுமவுண்ட் செய்யக்கூடத் தேவையில்லை:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ எல்எஸ் -எல்ஏ /எம்என்டி/எஸ்ஆர்வி/டிசைன்

சிஸ்டம் டிஸ்க்கை மட்டும் /எம்என்டி கீழே இன்னொரு முறை காட்டச் சொல்வது இது. மேலே மூடியிருக்கும் டிஸ்க் இந்தப் பார்வையில் வராது, அடியில் கிடப்பது தெரியும். (/எஸ்ஆர்வி தனி பார்ட்டிஷனாக இல்லாத வரை இது பொருந்தும்.) ஃபைல் ஏதாவது இருந்தால் அதை /எஸ்ஆர்வி/டிசைன் உள்ளே காப்பி செய்து, நன்றாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடியில் உள்ளதை அழியுங்க. அழித்தாலும் அந்தத் தரவு சிஸ்டம் டிஸ்க்கின் செக்டார்களில் கொஞ்ச காலம் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்க. எஸ்எஸ்டி என்றால் மேலே வேறு எதையாவது எழுதி மூடிவிட்டோம் என்று நம்பவும் முடியாது. பையருடன் ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

மறுபடி நடக்காமல் இருக்க, அந்த அடி ஃபோல்டரைப் பூட்டி வைக்க வேண்டும்:

சூடோ சிஎச்மாட் 000 /எம்என்டி/எஸ்ஆர்வி/டிசைன்
சூடோ சிஎச்அட்டர் +ஐ /எம்என்டி/எஸ்ஆர்வி/டிசைன்
சூடோ யுமவுண்ட் /எம்என்டி

சிஎச்அட்டர் +ஐ போட்டால் ரூட்டால்கூட அந்த ஃபோல்டருக்குள் ஃபைல் உருவாக்க முடியாது. ஆனால் அதன் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்யத் தடையில்லை. டிஸ்க் திறக்காத நாளில் சேமிக்கப் போனால் உடனே பிழை வரும். அந்தப் பிழை வருவதுதான் நமக்கு வேண்டும்.

இரண்டாவது காரியம், யுஐடி=1000. இஎக்ஸ்டி4-க்கு அப்படி ஒரு மவுண்ட் ஆப்ஷனே கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளரை டிஸ்க்கிலேயே எழுதி வைக்கும் ஃபைல் சிஸ்டம் அது, வெளியிலிருந்து சொல்வதை ஏற்காது. மவுண்ட் கட்டளை திரையில் "தவறான ஃபைல் சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன், பழுதான சூப்பர்பிளாக்" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லும். அதில் சூப்பர்பிளாக் என்ற சொல்லைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று பயந்து சரிசெய்யும் கட்டளைகளை ஓட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சூடோ டிமெஸ்ஜி அடித்துக் கடைசி வரிகளைப் பாருங்க. யுஐடி என்ற ஆப்ஷன் தெரியவில்லை என்று இஎக்ஸ்டி4 தெளிவாகச் சொல்லியிருக்கும். எஃப்எஸ்டேப்பிலிருந்து அதை எடுத்துவிட்டால் டிஸ்க் முன்பு போல மவுண்ட் ஆகும்.

எஃப்எஸ்டேப்பில் யூசர், யூசர்ஸ் என்ற ஆப்ஷன்களைச் சேர்க்கச் சொல்லியும் யோசனை வரும். அவை ரூட் அல்லாதவர் மவுண்ட் செய்யலாம் என்று மட்டுமே சொல்கின்றன, உள்ளே எழுதும் அனுமதியைத் தருவதில்லை. அதோடு நோஎக்ஸெக், நோசூயிட், நோடெவ் மூன்றையும் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு வரும். பிறகு டிஸ்க்கில் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, எக்ஸ் அனுமதி இருந்தும் "பெர்மிஷன் டினைட்" என்கிறது என்று அடுத்த தலைவலி ஆரம்பிக்கும்.

மூன்றாவது, /டெவ்/மேப்பர் டிவைஸுக்கு 666. மூன்றில் மோசமானது இதுதான். அந்த டிவைஸ் வழியே வருவது முழு டிஸ்க்கின் அவிழ்த்த தரவு. அதைப் படிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர் ஃபைல் அனுமதி எதையும் மதிக்காமல் மொத்தத்தையும் உருவிவிடலாம். எழுதும் உரிமையும் இருந்தால் மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தையே சிதைத்துவிடலாம். இயல்பாக அது ரூட்டுக்கும் டிஸ்க் என்ற குழுவுக்கும் 660 ஆக இருக்கும். பூட் ஆகும்போது யுடெவ் அதைத் திரும்ப அப்படியே வைத்துவிடுகிறது. நல்லதுதான், விட்டுவிடுங்க. அதே காரணத்துக்காக யாரையும் டிஸ்க் குழுவில் சேர்க்காதீங்க.

சரி, செய்ய வேண்டியது. டிஸ்க் திறந்து மவுண்ட் ஆகியிருக்கும் நிலையில் தொடங்குங்க. ஃபைண்ட்எம்என்டி /எஸ்ஆர்வி/டிசைன் என்று அடித்து, /டெவ்/மேப்பர்/டிசைன் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்க. வெறும் ஃபோல்டரில் வேலை செய்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

சூடோ குரூப்ஆட் -ஜி 3000 டிசைன்
சூடோ யூசர்மாட் -ஏஜி டிசைன் யூசர்பெயர்
சூடோ எம்கேடிர் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை
சூடோ சிஎச்ஓன் ரூட்:டிசைன் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை
சூடோ சிஎச்மாட் 2770 /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை

யூசர்மாட் வரியில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ-வை விட்டுவிட்டால் அந்த யூசர் ஏற்கனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார், சூடோ உட்பட. சூடோ உள்ள ஒரே யூசரை இப்படி நீக்கிவிட்டால் ரெக்கவரி மோடில் பூட் செய்துதான் மீட்க வேண்டியிருக்கும். குழுவில் சேர்த்த பிறகு அந்த யூசர் முழுதாக லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். புதிய டெர்மினல் திறந்தால் போதாது. ஐடி என்று அடித்தால் 3000 (டிசைன்) என்று வருகிறதா பாருங்க. வரவில்லை என்றால் மேலே எதைச் செய்தாலும் வீண்.

டிஸ்க்கின் தலை ஃபோல்டரையே கொடுக்காமல் உள்ளே வேலை என்று ஒன்றை உருவாக்கிக் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தலை ஃபோல்டரில் லாஸ்ட்+ஃபவுண்ட் என்று ஒன்று இருக்கும். அது ரூட்டுக்குச் சொந்தமாக 700-இல்தான் இருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும்போது பெயர் தொலைந்த ஃபைல்கள் அதில் போய் விழும், அவை யாருடையவை என்று அப்போது தெரியாது. தலையில் சிஎச்ஓன் -ஆர் ஓட்டினால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். தலை ஃபோல்டரை 755 ஆகவே விட்டுவிடுங்க.

இந்த மாற்றம் டிஸ்க்கிலேயே எழுதப்படுகிறது. ரீபூட் செய்தாலும், டிஸ்க்கை மூடித் திறந்தாலும் மாறாது. ஒருமுறை செய்தால் போதும். பூட் ஆகும்போதெல்லாம் சிஎச்ஓன் ஓட்ட ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அப்படி ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்பட்டது என்றால், மவுண்ட் ஆவதற்கு முன்பே அது ஓடுகிறது என்றோ, டிஸ்க் வேறிடத்தில் மவுண்ட் ஆகிறது என்றோதான் அர்த்தம்.

2770-இல் முன்னால் இருக்கும் 2 முக்கியம். அது இருந்தால் உள்ளே யார் ஃபைல் உருவாக்கினாலும் அதன் குழு டிசைன் ஆகவே இருக்கும், புதிய உள்ஃபோல்டர்களுக்கும் அந்த 2 தானாக இறங்கும். ஏற்கனவே ஃபைல்கள் இருந்தால் அவற்றுக்கு:

சூடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் டிசைன் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை
சூடோ சிஎச்மாட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை
சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் ஜி+எஸ் {} +

இதில் -ஆர் பெரிய எழுத்து. இரண்டாவது வரியில் ஜி, ஆர், டபிள்யூ சிறியவை, எக்ஸ் மட்டும் பெரியது. பெரிய எக்ஸ் என்றால் ஃபோல்டருக்கு மட்டும் நுழையும் அனுமதி கொடு, சாதாரண ஃபைலை ஓடக்கூடியதாக மாற்றாதே என்று பொருள். சிஎச்மாட் -ஆர் 770 என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் ஒவ்வொரு படமும் பிடிஎஃப்பும் ஓடக்கூடிய ஃபைலாகிவிடும்.

இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி ஒரு வாரம் கழித்து வரும்: ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் திறக்க முடிகிறது, திருத்த முடியவில்லை. குழு சரியாகத்தான் இருக்கும், ஆனால் எல்எஸ் -எல் பார்த்தால் குழுவுக்குப் படிக்க மட்டும் அனுமதி. இது யுமாஸ்க் செய்யும் வேலை, அதாவது புதிய ஃபைலுக்கு எந்த அனுமதியைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் எண். டெர்மினலில் யுமாஸ்க் என்று அடியுங்க. 0022 என்று வந்தால் புதிய ஃபைல் 644 ஆகப் பிறக்கும், 0002 என்று வந்தால் 664. டெபியனில் பெரும்பாலும் 0022. அங்கே ஒவ்வொரு யூசருக்கும் அவர் பெயரிலேயே தனிக் குழு இருப்பதால் 002-க்கு மாற்றுவதில் ஆபத்தில்லை. /இடிசி/பேம்.டி/காமன்-செஷன் ஃபைலில் பேம்_யுமாஸ்க்.எஸ்ஓ வரியில் (அந்த வரி இல்லை என்றால் அதையும் எழுதி) யுமாஸ்க்=002 என்று சேர்க்கலாம். யூசரின் .புரொஃபைலில் எழுதினால் டெர்மினலில் திறக்கும் மென்பொருளுக்குப் பொருந்தும், டெஸ்க்டாப் ஐகானைச் சொடுக்கித் திறப்பதற்குப் பொருந்தாமல் போகலாம்.

யுமாஸ்க்கை மட்டும் நம்பாமல் ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியலால் ஃபோல்டரிலேயே இயல்பு அனுமதியை எழுதி வைப்பது இன்னும் உறுதி:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:டிசைன்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை
சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:டிசைன்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/டிசைன்/வேலை

இங்கும் -ஆர், கடைசி எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்து. -டி போட்ட வரிதான் இனி பிறக்கப் போகும் ஃபைல்களுக்கு. இது இருக்கும் ஃபோல்டரில் யுமாஸ்க் கணக்கில் வராது. எல்எஸ் -எல் பார்த்தால் அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு + குறி தெரியும். டெபியனில் ஏசிஎல் என்ற பேக்கேஜை நிறுவியிருக்க வேண்டும். இஎக்ஸ்டி4 பக்கம் தனியாக மவுண்ட் ஆப்ஷன் எதுவும் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. டிசைனர் தன் ஹோம் ஃபோல்டரில் வேலையை முடித்துவிட்டு அந்த ஃபைலைப் பொது ஃபோல்டருக்கு நகர்த்துகிறார். எம்வி என்பது பழைய உரிமையாளரையும் குழுவையும் அனுமதியையும் அப்படியே கொண்டுவரும். ஒரே டிஸ்க்குக்குள் என்றால் பெயர் மட்டும்தான் மாறுகிறது. வேறு டிஸ்க்கிலிருந்து வந்தாலும் எம்வி அவற்றைக் காப்பாற்றத்தான் பார்க்கும். ஃபோல்டரின் 2-ம் சரி, இயல்பு ஏசிஎல்லும் சரி, நகர்த்தி வந்த ஃபைலைத் தொடாது. காப்பி செய்தால் குழு சரியாகிவிடும். ஆனால் மூல ஃபைல் 644 ஆக இருந்தால் சிபி புதிய ஃபைலையும் 644 என்று கேட்டே உருவாக்கும், அந்தக் கேட்பு ஏசிஎல்லின் மாஸ்க்கை, அதாவது அதன் உச்ச வரம்பை, சுருக்கிவிடும். கெட்எஃப்ஏசிஎல் அடித்தால் டிசைன் குழுவுக்கு ஆர்டபிள்யூஎக்ஸ் என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே எஃபெக்டிவ் ஆர் மட்டும் என்றும் இருக்கும். எழுத முடியாது. ஏசிஎல் போட்டும் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். ஆகவே யுமாஸ்க் 002, இயல்பு ஏசிஎல் இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். ஹோமிலேயே ஃபைல் 664 ஆகப் பிறந்தால் காப்பியும் 664 ஆக வந்து சேரும். இடம் மாற்றும்போது கட் செய்யாமல் காப்பி செய்து ஒட்டும் பழக்கத்தையும் டிசைனர்களுக்குச் சொல்லிக்கொடுங்க.

ஃபைலுக்கு அனுமதி இருந்தால் போதும், ஃபோல்டருக்கு எதற்கு என்று நினைக்காதீங்க. லிப்ரே ஆஃபீஸ் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதன் பக்கத்திலேயே .~லாக் என்று தொடங்கும் ஒரு ஃபைலை உருவாக்கப் பார்க்கும். ஃபோல்டரில் எழுத முடியாவிட்டால் படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கும். படத் திருத்தி மென்பொருள்கள் பலவும் சேமிக்கும்போது தற்காலிக ஃபைலாக எழுதிப் பிறகு பெயர் மாற்றும். அதனால் சேமித்தவரே புதிய உரிமையாளர் ஆகிவிடுவார். இப்படி உரிமையாளர் மாறி மாறி வருவது இயல்பு. குழுவை வைத்து அனுமதி கொடுத்திருந்தால் அது பாதிக்காது.

பூட் ஆகும்போது தானாகத் திறந்து மவுண்ட் ஆக இரண்டு ஃபைல்கள். எந்த லக்ஸ் டிஸ்க்கை எந்தச் சாவியால் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டேப்பில் (யுயுஐடி என்பது மட்டும் பெரிய எழுத்து):

டிசைன் யுயுஐடி=(எஸ்டிபி1-இன் எண்) /இடிசி/கீஸ்/டிசைன்.கீ லக்ஸ்,நோஃபெயில்

எஃப்எஸ்டேப்பில்:

/டெவ்/மேப்பர்/டிசைன் /எஸ்ஆர்வி/டிசைன் இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

மேலே சொன்ன இரண்டு யுயுஐடிகளில் கிரிப்ட்டேப்புக்கு வெளியே இருக்கும் லக்ஸின் எண், எஃப்எஸ்டேப்புக்கு உள்ளே இருக்கும் இஎக்ஸ்டி4-இன் எண் அல்லது மேப்பர் பெயர். இடம் மாற்றிப் போட்டால் சிஸ்டம்டி அந்த டிவைஸுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். நோஃபெயிலும் இல்லை என்றால் பூட் எமர்ஜென்ஸி மோடில் போய் நின்றுவிடும். நோஃபெயில் இருந்தால் மெஷின் வந்துவிடும், டிஸ்க் மட்டும் இல்லாமல். அந்த நிலைக்காகத்தான் அடி ஃபோல்டருக்கு +ஐ. ஃபைலைத் திருத்தியதும் சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, பிறகு மவுண்ட் -ஏ. மூன்றும் பிழையில்லாமல் முடிந்த பிறகு ரீபூட் செய்யுங்க.

கீ ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக 0400 ஆக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, அது இருக்கும் சிஸ்டம் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டதா என்பது. இல்லை என்றால் பெட்டியோடு தூக்கிப் போகிறவருக்குப் பூட்டும் சாவியும் ஒன்றாகக் கிடைக்கும், அப்புறம் லக்ஸ் போட்டதற்கு அர்த்தமில்லை. அப்படிப்பட்ட மெஷினில் கீ ஃபைல் இடத்தில் நன் என்று போட்டு, பூட்டின்போது கடவுச்சொல் கேட்க விடுங்க. ஒரே கடவுச்சொல்லைப் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஆட்கீ (ஆட்டின் ஏ, கீயின் கே பெரிய எழுத்து) மூலம் ஆளுக்கு ஒன்று வைக்கலாம். லக்ஸ்1-இல் 8 இடம், லக்ஸ்2-இல் 32 வரை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் நீக்கலாம்.

எழுத முடியவில்லை என்றாலே அனுமதிப் பிரச்சினை என்று முடிவு கட்டாதீங்க. "பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் அனுமதி. "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் விஷயமே வேறு, அங்கே சிஎச்மாட் எதுவும் செய்யாது. சூடோ கிரிப்ட்செட்டப் ஸ்டேட்டஸ் டிசைன் என்று அடித்து மோட் என்ற வரியைப் பாருங்க. ரீட்ஒன்லி என்றிருந்தால் லக்ஸையே படிக்க மட்டும் திறந்திருக்கிறார்கள், கிரிப்ட்டேப்பில் ரீட்-ஒன்லி ஆப்ஷன் இருக்கிறதா பாருங்க. ரீட்/ரைட் என்றிருந்தால் இஎக்ஸ்டி4 பிழையைக் கண்டு தானே எழுதுவதை நிறுத்தியிருக்கலாம், டிமெஸ்ஜியில் காரணம் இருக்கும். அப்போது யுமவுண்ட் செய்துவிட்டு, லக்ஸை மூடாமல்:

சூடோ இ2எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/மேப்பர்/டிசைன்

இதை ஒருபோதும் /டெவ்/எஸ்டிபி1 மேல் ஓட்டாதீங்க. அங்கே இருப்பது லக்ஸின் ஹெட்டர். கருவி சூப்பர்பிளாக் இல்லை என்று சொல்லும். அதை நம்பி ஏதாவது எழுதி ஹெட்டர் சிதைந்தால் கடவுச்சொல் கையில் இருந்தும் டிஸ்க் திறக்காது. கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெட்டர்பேக்கப் (ஹெட்டரின் எச், பேக்கப்பின் பி பெரிய எழுத்து) கட்டளையால் ஹெட்டரின் பிரதி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்க. லக்ஸ்2-இல் அது 16 எம்பி அளவுதான்.

அனுமதிதான் பிரச்சினை, ஆனால் எந்த ஃபோல்டரில் என்று தெரியவில்லை என்றால் நேம்ஐ -எல், அதோடு ஃபைலின் முழுப் பாதை. தலையிலிருந்து அந்த ஃபைல் வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். உள்ளே 777 இருந்தாலும் நடுவில் ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இல்லை என்றால் நுழைய முடியாது. டெஸ்க்டாப்பில் ஐகானைச் சொடுக்கித் திறந்த டிஸ்க்குக்கு இது நேரடியாகப் பொருந்தும். அப்போது யுடிஸ்க்ஸ் அதை /மீடியா/யூசர்பெயர் கீழே மவுண்ட் செய்யும், ஃபெடோராவில் /ரன்/மீடியா/யூசர்பெயர். அந்த யூசர்பெயர் ஃபோல்டருக்குள் அவரைத் தவிர யாருக்கும் வழியில்லை, அது ஏசிஎல்லால் பூட்டப்பட்டது. அதே மெஷினில் இன்னொருவரும் பார்க்க வேண்டிய டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேப் வழியே பொது இடத்தில் மவுண்ட் செய்யுங்க.

இனி பெருந்துறைக்குப் போகும் யுஎஸ்பி டிஸ்க். இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. திருப்பூர் மெஷினில் 1000 என்பது ஒருவர், பெருந்துறை மெஷினில் 1000 என்பது வேறொருவர். முதலில் உருவாக்கிய யூசருக்கு அந்த எண் தானாகவே போய்விடும். அதனால்தான் இங்கே சரியாக இருப்பது அங்கே தலைகீழாகத் தெரிகிறது. குழு உருவாக்கும்போது 3000 என்று எண்ணைக் கொடுக்கச் சொன்னது இதற்காகவே. இரண்டு மெஷினிலும் 3000 என்ற அதே எண்ணில் டிசைன் குழுவை உருவாக்கி, வேண்டியவர்களை அதில் சேர்த்துவிட்டு, யுஎஸ்பி டிஸ்க்கிலும் மேலே சொன்ன 2770 முறையைச் செய்யுங்க. உரிமையாளர் எண் யாருடையதாக இருந்தாலும் குழு வழியே இரு பக்கமும் எழுதலாம்.

உள்ளே எக்ஸ்ஃபேட் போட்டால் விண்டோஸிலும் திறக்குமே என்ற எண்ணம் வேண்டாம். விண்டோஸ் லக்ஸையே திறக்காது, உள்ளே எது இருந்தாலும். விண்டோஸும் வேண்டும் என்றால் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் பக்கம் போக வேண்டும், அதற்குள் எக்ஸ்ஃபேட் பொருத்தம். எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் எழுதப்படுவதில்லை. சிஎச்ஓன், சிஎச்மாட் எதுவும் அங்கே எடுபடாது. மவுண்ட் செய்யும்போது சொல்வதுதான் கணக்கு:

யுஐடி=1000,ஜிஐடி=3000,எஃப்மாஸ்க்=0117,டிமாஸ்க்=0007

இது ஃபைல்களை 660 ஆகவும் ஃபோல்டர்களை 770 ஆகவும் காட்டும். வெராகிரிப்டில் இதை --எஃப்எஸ்-ஆப்ஷன்ஸ் வழியே கொடுக்கலாம். மாற்ற வேண்டுமானால் ரீமவுண்ட் போதாது, யுமவுண்ட் செய்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்க. என்டிஎஃப்எஸ்ஸும் இதே வகைதான். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போடு மூடிய என்டிஎஃப்எஸ் லினக்ஸில் படிக்க மட்டும் வரும். அதை விண்டோஸில் முழுதாக ஷட்டவுன் செய்துதான் சரிசெய்ய வேண்டும்.

ஜிகோகிரிப்ட்எஃப்எஸ் போன்ற ஃபோல்டர் அளவிலான குறியாக்கம் ஃப்யூஸ் வழியே ஓடுகிறது. அங்கே மவுண்ட் செய்தவரைத் தவிர ரூட்டால்கூட உள்ளே பார்க்க முடியாது. மற்றவர்களுக்கும் வேண்டும் என்றால் /இடிசி/ஃப்யூஸ்.கான்ஃப் ஃபைலில் யூசர்_அலோ_அதர் வரியைத் திறந்துவிட்டு, -அலோ_அதர் கொடுத்து மவுண்ட் செய்ய வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் ஜெலி என்ற அதன் டிஸ்க் குறியாக்கத்தைத் திறந்ததும் டிவைஸ் பெயரின் முடிவில் .இஎல்ஐ சேரும், உள்ளே யுஎஃப்எஸ். விதி அதேதான்: மவுண்ட் செய்த பிறகு ஒருமுறை சிஎச்ஓன். மேக்கில் வெளி டிஸ்க்குகளுக்கு உரிமையாளரைக் கண்டுகொள்ளாமல் விடும் அமைப்பு உண்டு. டிஸ்க்யூட்டில் எனேபிள்ஓனர்ஷிப் கட்டளையால் அதை மாற்றிய பிறகுதான் அனுமதி எல்லாம் உயிர் பெறும்.

அக்கவுண்ட்ஸ் பக்கமிருந்து விண்டோஸ் மெஷின்கள் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸோடு பகிரும் மென்பொருள்) வழியே இந்த ஃபோல்டருக்கு வந்தால், ஷேர் அமைப்பில் ஃபோர்ஸ் குரூப் = டிசைன், கிரியேட் மாஸ்க் = 0660, டைரக்டரி மாஸ்க் = 2770 மூன்றையும் சேருங்க. சாம்பா லினக்ஸ் அனுமதிக்கு மேலே தன் வடிகட்டியை வைக்கிறதே தவிர, அடியில் இல்லாத அனுமதியைத் தராது. அதனால் டிஸ்க் பக்கம் முடித்துவிட்டு, குழுவில் உள்ள யூசராக டெர்மினலில் ஒரு ஃபைலை எழுதிப் பார்த்த பிறகு சாம்பாவுக்குப் போங்க.